பேரப்பிள்ளைகளின் பெயரைச் சுமக்கும் பாட்டன்

வாசோடோசின் தவளையின் மூளையில் உருவாகும் ஹார்மோன். ஆனால் தவளையைப் பார்த்து வைத்த பெயரல்ல இது. ஆய்வுக்கூட மேசையில் பிறந்தது.

பாலூட்டிகளின் பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்மடலில் இரண்டு ஹார்மோன்கள் உண்டு. வாசோபிரெசினின் 'வாஸ்' லத்தீனில் கலம், இங்கே இரத்தக்குழாய். அதை இறுக்கி அழுத்தத்தை ஏற்றுவதால் அந்தப் பெயர். ஆக்சிடோசின் கிரேக்கம்: 'ஆக்சிஸ்' விரைவு, 'டோகோஸ்' பிள்ளைப்பேறு. இரண்டுமே ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகள். மூன்றாம், எட்டாம் இடங்களில் மட்டுமே வேறுபாடு. 1958இல் கட்சோயானிஸ், டு விக்னோ என்ற ஆய்வாளர்கள் ஆக்சிடோசினின் வளையத்தோடு வாசோபிரெசினின் வாலைச் சேர்த்து ஒரு புது மூலக்கூறு செய்தார்கள். பெயரையும் அப்படியே வெட்டி ஒட்டினார்கள்: வாசோடோசின்.

மறு ஆண்டே தவளையிலும் மீனிலும் அதே பொருள் இருப்பதற்குச் சான்று வெளிவந்தது! ஒட்டுச்செடி என்று நினைத்தது பழைய மரமாக இருந்தது. வாசோடோசினில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் வந்ததுதான் வாசோபிரெசின். தமிழில் பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. இங்கே பேரப்பிள்ளைகளின் பெயரைப் பாட்டன் சுமக்கிறார். அதுவும் பொருந்தாத பெயர். தவளை வாயால் நீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. பிட்யூட்டரிச் சாற்றை ஊசியில் ஏற்றினால் தவளை நீரை உறிஞ்சி எடை கூடுவதை 1921இலேயே ப்ரூன் என்ற ஆய்வாளர் காட்டிவிட்டார். நீர்காப்பதே அங்கே இந்த ஹார்மோனின் முதல் வேலை.

இந்த ஹார்மோன் உருவாகும் விதம் இன்னும் அழகு. பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தருகே உள்ள பெரிய நரம்புச் செல்கள் ஒரு நீளமான புரதத்தைச் செய்கின்றன: தலைப்பக்கம் வாசோடோசின், அடுத்து நியூரோஃபைசின். கோல்கி உறுப்பு அதை நுண்பைகளில் அடைக்கிறது. பைகள் நரம்பிழை வழியே பிட்யூட்டரிக்கு நகர, உள்ளே நொதிகள் புரதத்தைத் துண்டிக்கின்றன. வெட்டுப்பட்ட பிறகும் நியூரோஃபைசின் ஹார்மோனை விடுவதில்லை; பைக்குள் பற்றிக்கொண்டே வருகிறது. இழையின் முனையில் மின்துடிப்பு வந்து கால்சியம் புகுந்ததும் இரண்டும் ஒன்றாக இரத்தத்தில் இறங்குகின்றன.

நியூரோஃபைசின் என்ற பெயர் 1950களில் பிரான்சில் ஆஷேரின் குழு வைத்தது. பின்மடலுக்கு 'நியூரோஹைப்போஃபைசிஸ்' என்று பெயர். அதிலிருந்து பிரித்தெடுத்ததால் இப்படி. ஆனால் பின்மடல் அந்தப் புரதம் வந்து சேரும் கிடங்கு மட்டுமே, பிறப்பிடம் மூளை. நரம்புச் செல்லே சுரக்கும் என்று 1928இல் மீன் மூளையைப் பார்த்து ஷாரர் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1949இல் பார்க்மன் சாயமேற்றி, மூளையிலிருந்து பின்மடல் வரை அந்தச் சுரப்பின் தடத்தைக் காட்டினார்.

தவளையின் இன்னொரு ஹார்மோனுக்கு 1964இல் அதே ஆஷேர் குழு 'மீசோடோசின்' என்று பெயரிட்டது. 'மீசோ' என்றால் நடு. மீனின் ஐசோடோசின் என்ற ஹார்மோனிலிருந்து நான்காம் இடத்தில் மட்டும், ஆக்சிடோசினிலிருந்து எட்டாம் இடத்தில் மட்டும் அது மாறுகிறது. வாசோடோசின், நியூரோஃபைசின், மீசோடோசின் என்ற மூன்று பெயர்களில் பொருளோடு முழுதாக ஒத்துப்போவது இதுவே.