சராசரி மறைப்பதும் பரம்பல் காட்டுவதும்: மன்செஸ்டரின் மரண அட்டவணைகள் பற்றிய ஒரு நோக்கு

புள்ளிவிபரவியலின் அரிச்சுவடியைக் கற்கும் மாணவர் முதலிற் சந்திப்பன இடை, இடையம், ஆகாரம் என்னும் அளவைகளும், மீடிறன் பரம்பலை வரைந்து காட்டும் வலையுரு வரையமுமாகும். வயது, கூலி, உயரம் போன்ற தனியொரு மாறி பற்றிய பெருந்தொகை எண்களைச் சுருக்கிக் கூற இவை உதவுகின்றன. பாடநூல்களில் இவை காலத்துக்கும் சமூகத்துக்கும் அப்பாற்பட்ட விதிகளாகவே தோன்றுகின்றன. எனினும் எதனைச் சுருக்குகிறோம், சுருக்கும்போது எது மறைகிறது என்பன வரலாற்று வினாக்களாகும். கைத்தொழிற் புரட்சிக்கால இங்கிலாந்தின் ஓர் உதாரணங்கொண்டு இதனை ஈண்டு நோக்குவோம்.

1842ஆம் ஆண்டு எட்வின் சட்விக் பிரித்தானியத் தொழிலாளரின் சுகாதார நிலைமை பற்றிய அறிக்கையை வெளியிட்டார். அதில் இறந்தோரின் சராசரி வயது வர்க்கவாரியாகத் தரப்பட்டது. மன்செஸ்டரில் கனவான்களுக்கு 38, வணிகருக்கு 20, தொழிலாளருக்கு 17. கிராமப்புறமான ரட்லன்டில் முறையே 52, 41, 38. ரட்லன்டின் கூலியாள் மன்செஸ்டரின் கனவானுக்குச் சமமாக வாழ்ந்தான் என்பது இதன் பொருளாகக் கொள்ளப்பட்டது. கூலி குறைந்த கிராமத்தில் ஆயுள் கூடியிருத்தலால், வறுமையன்றி அழுக்கும் வடிகாலின்மையுமே காரணம் என சட்விக் வாதிட்டார். அவர் இடத்தை இடத்தோடு ஒப்பிட்டார். 1845இல் ஏங்கெல்ஸ், இங்கிலாந்தின் தொழிலாளி வர்க்கம் பற்றிய தமது நூலில், இத்தகைய எண்களைக் கொண்டே வர்க்கத்தை வர்க்கத்தோடு ஒப்பிட்டார். லிவர்பூலில் 1840இல் மேல்வர்க்கத்தினருக்கு 35, தொழிலாளருக்கு 15 என அவர் எடுத்துக்காட்டினார். ஒரே வகையான அட்டவணை, வாசிப்புகளோ இரண்டு.

ஆயின் 17 என்ற இடை உண்மையில் எதனைக் குறிக்கின்றது? மன்செஸ்டர்த் தொழிலாளர் பதினேழாம் வயதில் இறந்தனர் என்று கொள்வது பெருந்தவறாகும். அங்கு தொழிலாளர் பிள்ளைகளுள் 57 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குள் மாண்டனர் என்றும், மேல்வர்க்கத்தில் அவ்வீதம் 20 என்றும் ஏங்கெல்ஸ் குறிப்பிடுகிறார். இவை ஒரே அட்டவணையிலிருந்து பெறப்பட்டவையல்ல. எனினும் சேர்த்து நோக்கின் பரம்பலின் வடிவம் புலனாகும். அதனை வலையுரு வரையமாக வரைந்தால் முதலைந்து வயதில் மிக உயர்ந்த செவ்வகம் நிற்கும்; பின்னர் அது தாழ்ந்து, முதிர்ந்த வயதுகள் வரை நீண்டு செல்லும். பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குள் இறந்தனராயின், இடையமும் ஐந்துக்குள்ளேயே அமையும். பதினேழு என்பது தொட்டிலில் இறந்தோரையும் ஆலையில் உழைத்துத் தேய்ந்தோரையும் கூட்டிப் பெற்ற எண். அவ்வயதில் இறந்தோர் சிலரேயாவர்.

இன்னொரு குறைபாட்டை 1844இல் நீசன் சுட்டினார். இறந்தோரின் சராசரி வயது, வாழ்வோரின் வயதமைப்பிலும் தங்கியுள்ளது. குழந்தைகளும் இளைஞரும் மிகுந்த நகரில், சுகாதாரம் எத்தகையதாயினும், அச்சராசரி தாழ்ந்தே காணப்படும். இவ்விமர்சனம் சட்விக்கைப் போலவே ஏங்கெல்ஸ் கையாண்ட எண்களையும் தாக்குகிறது. நமக்கு உவப்பான முடிவைத் தருகிறதென்பதற்காக ஓர் எண்ணைச் சோதியாது ஏற்பது விஞ்ஞான நோக்காகாது. ஆனால் முறை திருந்தியபோதும் ஏற்றத்தாழ்வு மறையவில்லை. வில்லியம் பார் 1843இல் வெளியிட்ட ஆயுள் அட்டவணைகளின்படி, பிறப்பில் எதிர்பார்க்கப்படும் ஆயுள் சரே மாவட்டத்தில் 45 ஆண்டுகள், லிவர்பூலில் 26 ஆண்டுகள். இவை வர்க்கவாரியானவையல்ல, ஆயினும் கைத்தொழில் நகரம் மனிதவுயிரிலிருந்து அறவிட்டதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றன.

வரைபு முறை அக்காலத்தில் அறியப்படாததன்று. வில்லியம் பிளேபெயர் 1786இலேயே ஸ்கொத்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகளைச் சட்ட வரைபாக வரைந்திருந்தார்.  1835இல் கெற்றலே முன்வைத்த ‘சராசரி மனிதன்’ என்ற கருத்தோ, இடையை இலட்சிய மாதிரியாகவும் விலகல்களை இயற்கையின் வழுக்களாகவும் காட்டியது. வர்க்கங்களாகப் பிளவுண்ட சமூகத்தில் அவ்விலகல்கள் வழுக்களல்ல. சமூக உறவுகளின் தடயங்களாகும்.

சராசரியைப் புறக்கணிக்க வேண்டுமென்பது நமது வாதமன்று. சட்விக்கின் சராசரிகளின்றி அவ்விவாதமே எழுந்திராது. ஆனால் ஒரு சராசரி நம்முன் வைக்கப்படும்போது, அதன் பரம்பல் யாது, இடையம் எங்குள்ளது, யார் யாரோடு ஒப்பிடப்படுகின்றனர் எனக் கேட்பது நமது கடமையாகும். மன்செஸ்டரில் ஐந்து வயதை எட்டாத பிள்ளைகள் பதினேழு என்ற எண்ணினுள் அடங்கிப் போயினர். பரம்பலை வரைந்து பார்ப்போருக்கே அவர்கள் கண்ணுக்குப் புலப்படுகின்றனர்.