ரீபோர் போட்ட போர்க்கப்பல்

"இது அதே கப்பல் இல்லடா. மூக்கு வேற" என்றார் மாமா.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆம்பூரில் ஞாயிறு மதியம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. பிரியாணியை முடித்துவிட்டு, பல்குத்தும் குச்சியோடு என் லேப்டாப்பை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் இரண்டு படங்கள் அருகருகே இருந்தன. ஒன்று 1914இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படம். இன்னொன்று 'வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ்' விளையாட்டில் என் துறைமுகத்தில் நிற்கும் கப்பல். இரண்டுக்கும் ஒரே பெயர்: ஜூலியோ செசாரே. நமக்குத் தெரிந்த ஜூலியஸ் சீசர்தான், இத்தாலிய உச்சரிப்பில்.

மாமா டேனரியில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். கப்பலை நேரில் பார்த்தது மெரினாவில் நின்று, தூரத்தில் புள்ளியாகத்தான். ஆனால் பழைய மெஷினைப் பிரித்து வேறொன்றாக மாற்றுவது என்னவென்று அவருக்குக் கை வழியாகத் தெரியும். இந்தக் கப்பலைப் பற்றி நான் புத்தகங்களில் தேடியதைவிட, அவர் கேட்ட கேள்விகளில்தான் அதிகம் புரிந்துகொண்டேன்.

முதலில் கப்பல். ஜெனோவா நகரில் 1910இல் கட்டத் தொடங்கினார்கள். 1911இல் கடலில் இறக்கினார்கள், 1914 மே மாதம் வேலை முடிந்தது. 305 மில்லிமீட்டர் வாய் கொண்ட 13 பீரங்கிகள், ஐந்து கூண்டுகளில். வேகம் 21 நாட் சொச்சம். முதல் உலகப்போரில் இதற்குப் பெரிய வேலை இல்லை. எதிரியான ஆஸ்திரியக் கடற்படை துறைமுகத்தைவிட்டு வெளியே வரவில்லை, இதுவும் அதிகம் போகவில்லை. போர் முடிந்தபோது கப்பலுக்கு வயது நான்கு. ஆனால் தொழில்நுட்பத்தில் அதற்குள் கிழடு.

1922இல் வாஷிங்டனில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். புதிய போர்க்கப்பல் கட்டுவதற்கு எல்லா வல்லரசுகளுக்கும் கடிவாளம். இத்தாலிக்கும் பிரான்சுக்கும் கொஞ்சம் சலுகை இருந்தது, ஆனால் இரண்டு பேருமே பணமில்லாமல் சும்மா இருந்தார்கள். பிறகு ஜெர்மனி 'டாய்ச்லாண்ட்' என்று ஒன்றைக் கட்டியது. அதற்குப் பயந்து 1932 கடைசியில் பிரான்ஸ் 'டன்கெர்க்'கைத் தொடங்கியது. அதைப் பார்த்து இத்தாலிக்குப் பதற்றம். புதிதாகக் கட்டினால் வருஷக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும்? பழையதைப் பிரி.

1933 அக்டோபரில் ஜூலியோ செசாரே பணிமனைக்குள் போனது. வெளியே வந்தது 1937இல். அந்த நான்கு வருடங்களில் நடந்ததை நான் மாமாவுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

நடுவில் இருந்த பீரங்கிக் கூண்டைத் தூக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் என்ஜின். நான்கு புரொபெல்லர் தண்டுகளை இரண்டாகக் குறைத்தார்கள், பாய்லர்களை மாற்றினார்கள். 31,000 குதிரைத் திறன் இருந்த இடத்தில் 75,000. வேகம் 27, 28 நாட்டுக்கு ஏறியது. நீளம் பத்து மீட்டர் கூடியது. எப்படி? பழைய மூக்கை வெட்டி எறியவில்லை. அதன் மேலேயே புது மூக்கைப் போர்த்திக் கட்டினார்கள். பழைய மூக்கு உள்ளுக்குள் அப்படியே இருந்தது. கடைசியில் மூலக் கப்பலில் மிஞ்சியது சுமார் 40 சதவீதம்தான் என்கிறார்கள்.

"அப்போ பீரங்கி?" என்றார்.

305 மில்லிமீட்டர் குழாயைக் குடைந்து 320 ஆக்கினார்கள் என்றேன்.

மாமா சிரித்துவிட்டார். "ரீபோர்!" என்றார். "ஸ்கூட்டருக்குப் போடுற மாதிரி பீரங்கிக்கே ரீபோர் போட்டுட்டான்டா. குடைஞ்சா சுவரு மெலிசாவும். அதைப் பார்த்துக்கினானா?"

இந்த விளையாட்டில் ஜூலியோ செசாரே ஐந்தாம் அடுக்குக் கப்பல். காசு கொடுத்து வாங்கும் ரகம். வந்த நாளிலிருந்தே அதற்குப் பெயர், குறி தவறாத பீரங்கி. அந்த அடுக்கில் மற்ற கப்பல்களை அது வெளுத்து வாங்கியதால் கடையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2019 தொடக்கத்தில் அதை ஆறாம் அடுக்குக்குத் தூக்கி மாற்றிச் சோதிக்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளை வாங்கிய பிறகு மாற்றுவது என்ன நியாயம் என்ற கேள்வி. நிறுவனம் பின்வாங்கியது. எனக்கு அது ஒரு கிறிஸ்துமஸ் பெட்டியில் விழுந்தது. அந்தப் பெட்டிகளுக்கு எவ்வளவு செலவழித்தேன் என்பதை மாமாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

நிஜத்தில்? 1940 ஜூலை 9, இத்தாலியின் கால்விரல் பக்கம், புன்டா ஸ்டீலோ முனைக்கு அப்பால் கடலில் பிரிட்டிஷ் கப்பல்களோடு மோதல். ஜூலியோ செசாரேயின் 320 மி.மீ. பீரங்கிகள் அன்று ஒரு பிரிட்டிஷ் கப்பலையும் நேரடியாக அடிக்கவில்லை. ஆனால் பிரிட்டனின் 'வார்ஸ்பைட்' சுமார் 24 கிலோமீட்டர் தூரத்திலிருந்து சுட்ட ஒரு குண்டு ஜூலியோ செசாரேயின் புகைபோக்கிப் பக்கம் விழுந்தது. ஓடுகிற கப்பலிலிருந்து ஓடுகிற கப்பலை இத்தனை தூரத்தில் அடித்தது இன்றைக்கும் சாதனைப் பட்டியலில் இருக்கிறது. தளத்தில் தீ. அந்தப் புகையைக் காற்றோட்டக் குழாய்கள் உள்ளே இழுத்துக்கொண்டன. பாய்லர் அறையில் நின்ற ஆட்களால் மூச்சுவிட முடியவில்லை. பாதி பாய்லர்கள் அணைந்தன, வேகம் 18 நாட்டுக்கு விழுந்தது.

பாய்லர் அறை என்றதும் மாமா எழுந்து உட்கார்ந்தார். பல்குத்தும் குச்சி கீழே போனது. "உள்ள இருந்தவன் செத்திருப்பானே" என்றார். பலர் செத்தார்கள்.

விளையாட்டில் தீப்பிடித்தால் திரை ஓரத்தில் சின்னதாக ஒரு தீச்சுடர் வரும். ஒரு பொத்தானை அழுத்தினால் அணைந்துவிடும். தளத்தில் ஒரு மனிதனும் இல்லை. பீரங்கி திரும்பும், புகை வரும், கயிறு, ஏணி, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வரைந்திருக்கிறார்கள். ஆள் மட்டும் கிடையாது. சரி, பத்தாயிரம் பேரைத் திரையில் கொல்லும் விளையாட்டை நானும் விளையாட விரும்பமாட்டேன். ஆனால் இரும்பின் வரலாற்றை இவ்வளவு கறாராகச் சொல்பவர்கள் மீதியை விட்டுவிடுவது, தெரிந்த பிறகு உறுத்தத்தான் செய்கிறது.

தமிழில் நமக்குக் கடற்போர் என்றால் ஒரே ஒரு சொல்தான் மிச்சம்: எம்டன். "அவன் பெரிய எம்டன்டா" என்று இன்றும் வேலூர்ப் பக்கம் சொல்வார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டு இருளில் மறைந்த ஜெர்மன் கப்பல். அரைமணி நேரம், 130 குண்டு சொச்சம். துறைமுகத்தில் நின்ற கப்பலில் இருந்தவர்கள் சிலர் செத்தார்கள். ஊரே காலி செய்துகொண்டு ஓடியது. அந்த எம்டனும் இதே விளையாட்டில் இருக்கிறது, இரண்டாம் அடுக்கில், பொம்மை மாதிரி. முதல்தடவை பார்த்தபோது எனக்கு என்னவோ சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது. 2006இல் 'எம்டன் மகன்' என்று வைத்த படத்தை, தமிழ்ப் பெயருக்கான வரிவிலக்குக்காக 'எம் மகன்' ஆக்கினார்கள். என்னைக் கேட்டால் எம்டனைவிடத் தமிழான சொல் குறைவு.

அந்தப் போர் எங்கள் ஊருக்கும் வந்தது, கடல் இல்லாமலேயே. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோல், 'கிப்ஸ்' என்ற பெயரில், பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸுக்கு மேல்தோலாகப் போனது. போர் நடந்தபோதே அரசு அந்தத் தோல் வியாபாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு: 1914–19 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்று. வெங்காயம் வாங்கப் போகிறவர்கள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நானும் கல்லூரி முடித்த பிறகுதான் பார்த்தேன்.

கப்பலுக்குத் திரும்புகிறேன். மாமாவுக்கு மிகவும் பிடித்தது தண்ணீருக்கடியில் இருந்த டிரம். டார்பிடோ வந்து மோதினால் தாங்குவதற்காக, கப்பலின் இரு பக்கமும் உள்ளே நீளமாக ஒரு பெரிய உருளை. விட்டம் கிட்டத்தட்ட நான்கு மீட்டர், உள்ளே வெற்றிடம். அதைச் சுற்றித் திரவம். வெடிப்பின் விசை அந்த உருளையை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும், உள்சுவர் தப்பிக்கும் என்பது கணக்கு. டேனரியில் தோலும் தண்ணீரும் ரசாயனமும் போட்டு உருட்டும் மர டிரம்மை நாளெல்லாம் பார்த்தவர் மாமா. கொஞ்ச நேரம் யோசித்தார். "டிரம்மு தாங்கும். ஜாயிண்ட்டு தாங்குமா?" என்றார்.

தாங்கவில்லை. விசை உருளையை நசுக்குவதற்குப் பதில் பலவீனமான இணைப்பைத் தேடிப் போனது என்றுதான் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள். 1940 நவம்பர் 11 இரவு டாரன்டோ துறைமுகத்தில் பிரிட்டிஷ் 'ஸ்வார்ட்ஃபிஷ்' விமானங்கள் வந்தன. துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானங்கள், மொத்தம் 21. ஜூலியோ செசாரே தப்பியது. அதே மாதிரி மாற்றிக் கட்டப்பட்ட அதன் சகோதரிக் கப்பல் 'கோன்டே டி காவூர்' ஒரே ஒரு டார்பிடோவில் துறைமுகத் தரையில் உட்கார்ந்தது.

அந்த உருளையை வடிவமைத்தவர் உம்பர்டோ புலியேசே. கடற்படையின் பொறியியல் தளபதி, யூதர். 1938இல் முசோலினியின் இனச் சட்டங்கள் வந்ததும் அவரை வேலையைவிட்டு வெளியேற்றினார்கள். அவர் கணக்குப் போட்ட கப்பல்கள் கடலில் ஓடிக்கொண்டிருந்தன, அவர் வீட்டில் இருந்தார். டாரன்டோவில் கப்பல்கள் மூழ்கியதும் அதே அரசு அவரைத் திரும்பக் கூப்பிட்டது, தூக்கி நிறுத்தித் தருவதற்கு. போனார். விளையாட்டில் இந்த உருளைக்கு ஒரு எண் உண்டு, டார்பிடோ சேதத்தில் இத்தனை சதவீதம் குறையும் என்று. புலியேசேயைப் பற்றிப் படித்த பிறகு அந்த எண்ணைக் கடந்துபோக எனக்குக் கொஞ்சம் நேரமாகிறது.

இதைச் சொன்னபோது மாமா அவருடைய கதைக்குப் போய்விட்டார். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பாலாறு கெட்டதற்காக ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு இல்லாவிட்டால் மூடு. 'மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும்' என்பது இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக உட்கார்ந்தது எங்கள் ஊர் வழக்கில்தான். மாமா வேலை பார்த்த இடம் மூடியது. சில மாதம் கழித்துத் திறந்தபோது பழைய கொட்டகைக்குள்ளேயே புதுக் குழாய், புதுத் தொட்டி, இத்தாலியிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் மெஷின். அதைப் பொருத்த இவரைத்தான் வீட்டுக்கு வந்து கூப்பிட்டார்கள். "உள்ள பழைய ஷெட்டுதான். மேல மட்டும் புதுசு" என்றார். வெளியே ஓடிய தண்ணீர் அதனால் எவ்வளவு மாறியது என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இன்றும் குடிக்க கேன் தண்ணீர்தான்.

ஜூலியோ செசாரே போரில் பிழைத்தது. தோற்ற இத்தாலி இழப்பீடாகக் கப்பல்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. 1949இல் இது சோவியத் ஒன்றியத்துக்குப் போனது. புதுப் பெயர் நொவோரசீஸ்க். கருங்கடல் படையில் சேர்த்தார்கள். 1955 அக்டோபர் 29 அதிகாலை ஒன்றரை மணிக்கு, செவாஸ்டபோல் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்றபோது மூக்குப் பகுதிக்குக் கீழே பெரிய வெடிப்பு. சில மணி நேரத்தில் கவிழ்ந்தது. 600 பேருக்கு மேல் செத்தார்கள். உதவிக்கு மற்றக் கப்பல்களிலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு. ஜெர்மானியர்கள் விட்டுப்போன கடல் கண்ணிவெடி என்றது விசாரணை. இத்தாலிய முக்குளிப்பு வீரர்களின் பழிவாங்கல் என்ற பேச்சும் இன்றுவரை ஓயவில்லை. நான் கண்ணிவெடிப் பக்கம்தான். கடற்படைத் தலைவர் குஸ்நெத்சோவின் பதவி போனது. செய்தியை முப்பது வருடங்களுக்கு மேல் அமுக்கி வைத்தார்கள். இறந்தவர்களின் வீட்டுக்காரர்கள் அந்த முப்பது வருடமும் அதைப் பற்றிப் பொதுவில் பேச முடியவில்லை.

இந்த விளையாட்டில் நொவோரசீஸ்க்கும் இருக்கிறது. அதே ஐந்தாம் அடுக்கு, சோவியத் கொடி. ஒரே கப்பல் இரண்டு தடவை விற்பனைக்கு. போன மாதம் ஒரு ஆட்டத்தில் எதிரணியில் அது வந்தது. நான் ஜூலியோ செசாரேயில் இருந்தேன். மாமா பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இதுவா அது?"

"இதுதான் மாமா."

12 கிலோமீட்டரில் ஒரு தீவுக்குப் பின்னாலிருந்து பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு வெளியே வந்தது. ஆடத் தெரியாத ஆள் போல. பத்து பீரங்கியும் தயாராக இருந்தன. சுடுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"மூக்குல அடிக்காதடா" என்றார் மாமா.

நான் நடுவில் அடித்தேன்.