மேற்கோள் தாக்கம் (நரம்பு உளவியல்)

ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளைப் பிறர் தம் கட்டுரைகளில் எவ்வளவு எடுத்தாள்கிறார்கள் என்பதை எண்ணி அறியும் அளவீடு. நூலகத் துறையில் புள்ளியியல் கணக்கீட்டுக்கு 1948-இலேயே 'லைப்ராமெட்ரி' என்று பெயர் சூட்டியவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். மேற்கோள்களைத் தொகுக்கும் அட்டவணையை 1960-களில் யூஜின் கார்ஃபீல்டு வெளியிட்டார்.

இன்று பரவலாக வழங்குவது எச்-சுட்டெண். ஒருவரின் ஐந்து கட்டுரைகள் 40, 12, 6, 4, 2 முறை எடுத்தாளப்பட்டிருந்தால் அவருடைய சுட்டெண் 4: குறைந்தது நான்கு மேற்கோள் பெற்றவை நான்கு. முதல் கட்டுரையின் 40 என்பது 400 ஆனாலும் எண் அசையாது. இதன் பெருங்குறை இதுவே. 2005-இல் இதை முன்வைத்த இயற்பியலர் ஹோர்ஹே ஹிர்ஷ், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் பணியாற்றியதும் அதே வளாகத்தில்தான்.

கை இழந்தவர்களுக்காக ராமச்சந்திரன் அமைத்தது, பெட்டிக்குள் நிமிர்த்திய ஒரு கண்ணாடி. அதில் தெரியும் நல்ல கையின் பிம்பம், இழந்த கை மீண்டதுபோல் நோயாளிக்குத் தோன்றும். ராமச்சந்திரன் 1995-இல் 'நேச்சர்' இதழில் இதுபற்றி எழுதியபோது டயான் ரோஜர்ஸ்-ராமச்சந்திரனும் காப் என்பவரும் உடனாசிரியர்கள். வேறு கட்டுரைகளில் 1998-இல் ஹிர்ஸ்டைனும் 2001-இல் ஹப்பர்டும் உடனெழுதினர். மேற்கோள்களைப்போலவே இக்கூட்டுறவையும் அளக்கலாம்: வரைபடமாக்கினால் ஆய்வாளர் புள்ளி, உடனெழுதியது கோடு. சென்னை, ரேணிகுண்டா, காட்பாடி, செங்கல்பட்டுப் பாதைகள் கூடும் அரக்கோணம் சந்திப்பைப்போல, பல கோடுகள் சேரும் புள்ளி தனித்துத் தெரியும். அந்தக் கண்ணாடிப் பெட்டியைச் சிகிச்சைக்கு எடுக்கும் பிசியோதெரபிஸ்ட் பெரும்பாலும் கட்டுரை எழுதுவதில்லை. அவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.