கயாக்கும் கட்டுமரமும்

துடுப்பு ஒன்று, தூண்டில் ஒன்று, ஆள் ஒருவர். இம்மூன்றும் ஒரு சிறு படகிற் சேர்ந்தால் அதனைக் கயாக் மீன்பிடிப்பு என்பர். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், போர்ட் டிக்சன் கடலோரத்தில் இப்பழக்கத்தை இப்பொழுது காணலாம். இது மேனாட்டார் கண்டுபிடித்த பொழுதுபோக்கு என்றே பலரும் எண்ணுகின்றனர். சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் அவ்வெண்ணம் பாதிதான் சரி என்பது விளங்கும். பெயர் வடதுருவத்திலிருந்து வந்தது. ஆனால், இன்று மீன்பிடிப்போர் வாங்கும் படகின் தத்துவம் தமிழ்நாட்டுக் கட்டுமரத்தின் தத்துவமே. புதிதாக நீரில் இறங்குபவர் இதனைத் தெரிந்துகொள்வது பெருமைக்காக மட்டுமன்று. உயிர்ப் பாதுகாப்புக்கும் இதுவே முதற் பாடமாகும்.

கயாக் என்பது கிரீன்லாந்து, கனடா, அலாஸ்கா ஆகியவற்றின் வடகரைகளில் வாழும் இனுயிட் மக்களின் சொல். மரம் அரிதான அந்நிலத்தில், அலைகள் கரையில் ஒதுக்கிய கட்டைகளைக் கொண்டும் எலும்பைக் கொண்டும் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தித் தைத்தார்கள். ஓட்டுபவரின் உடல் அளவுக்கு ஏற்பவே ஒவ்வொரு படகும் செய்யப்பட்டது. மேற்புறம் மூடியிருக்கும், நடுவில் உள்ள திறப்பில் வேட்டைக்காரன் இடுப்புவரை நுழைந்து அமர்வான். உறைகுளிர்க் கடலில் விழுந்தவன் நெடுநேரம் உயிர் தரிக்க முடியாது. ஆதலின், படகு கவிழ்ந்தால் உள்ளிருந்தபடியே துடுப்பினால் உந்தி அதனை நிமிர்த்தும் வித்தையை அம்மக்கள் இளமையிலேயே பயின்றனர். வேட்டையில் தேர்வதற்கு முன்பே கவிழவும் நிமிரவும் கற்றார்கள் என்பது இங்குக் கருதத்தக்கது.

ஐரோப்பியர் இப்படகை விளையாட்டாக்கினர். இலண்டன் வழக்கறிஞரான ஜான் மக்கிரெகர் 1865ஆம் ஆண்டில் ‘ராப் ராய்’ என்னும் சிறு படகில் ஐரோப்பாவின் ஆறுகளில் பிரயாணம் செய்து, அதனைப் பற்றி நூலும் எழுதினார். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் கயாக் போட்டி இடம்பெற்றது. பின்னர் 1970களில் கலிபோர்னியாவில் ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்தது. ஆள் உள்ளே நுழைந்து அமரும் படகுக்குப் பதிலாக, மேலே அமரும் படகு உருவாயிற்று. அதன் உடல் நாற்புறமும் மூடிய ஒரு கூடு. மேலே விழும் நீர், உடலை ஊடுருவிச் செல்லும் சிறு துளைகளின் வழியே தானாகக் கீழே வடிந்துவிடும். படகு நீரை ஏற்று நிரம்புவதில்லை. கவிழ்ந்தவர் அதனைப் புரட்டி மீண்டும் ஏறிக்கொள்ளலாம். பிற்காலத்தில் இது பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டு மலிவாயிற்று. மீன்பிடிப்போர் பெரும்பாலும் விரும்புவது இவ்வகையையே.

இத்தத்துவம் சோழமண்டலக் கரைக்குப் புதியதன்று. சங்க இலக்கியத்தின் நெய்தற் பாடல்களில் பரதவரின் மீன்பிடி கலத்துக்குத் திமில் என்ற பெயர் வழங்குகின்றது. பிற்காலத்தில் அக்கரையில் நிலைபெற்ற கட்டுமரமோ, இலேசான மரத்துண்டுகளைக் கயிற்றாற் பிணைத்த மிதவை. அதற்கு உட்குழிவு இல்லை. அலை மேலேறினால் நீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். கரைக்குத் திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர்த்துவர். ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697ஆம் ஆண்டில் வெளியிட்ட பிரயாண நூலில் இதனை இதன் தமிழ்ப் பெயராலேயே குறிப்பிட்டார். அப்பெயர் ஆங்கிலத்திற் புகுந்து, இன்று இரட்டை உடல் கொண்ட பெரிய கப்பல்களுக்கும் வழங்குகின்றது. பெயர் அவ்வாறு திசைமாறிப் போனாலும், ஆள் மேலே அமர, நீர் கீழே வடியும் அந்த முறை மேலமரும் கயாக்கில் அப்படியே காணப்படுகின்றது.

இனி, நெகிரி செம்பிலானின் நீர்வழிகளைப் பார்ப்போம். இம்மாநிலத்தின் பழைய சாலைகள் ஆறுகளே. ஜெம்போல் ஆறு மூவாருடன் கலந்து மலாக்கா நீரிணையை அடைகின்றது. செர்திங் ஆற்றின் நீரோ பகாங் ஆற்றின் வழியே தென்சீனக் கடலை அடைகின்றது. இவ்விரண்டுக்கும் இடையே, இன்றைய பாகாவ் நகருக்கு அருகில், ஒரு குறுகிய நிலப்பகுதி உண்டு. பிரயாணிகள் அங்கே படகைக் கரையேற்றி இழுத்துச் சென்று மறு ஆற்றில் இறக்கினர். ‘தாரிக்’ என்றால் மலாய் மொழியில் இழுத்தல். தே தாரிக் அருந்துவோர் யாவரும் அறிந்த சொல்தான். அதனால் அவ்விடத்துக்குப் பெனாரிக்கான் என்று பெயர் வந்தது. 1613ஆம் ஆண்டில் எழுதிய கொதின்யோ தெ எரேதியா இவ்வழியைக் குறித்துள்ளார். 1511இல் மலாக்கா போர்ச்சுக்கீசியரிடம் வீழ்ந்தபோது சுல்தான் மஹ்மூத் இவ்வழியே பகாங்குக்குச் சென்றார் என்பர். இலேசான படகின் மதிப்பை இந்நிலம் அன்றே அறிந்திருந்தது.

மேற்கே லிங்கி ஆறு சுங்கை ஊஜோங்கின் ஈயத்தை மலாக்காவுக்குக் கொண்டுசென்றது. அவ்வாற்றில் சுங்கம் தண்டுவது யார் என்பதில் தலைவர்களுக்குள் ஓயாத பூசல் இருந்தது. 1874ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தலையிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். 1891இல் சிரம்பானுக்கும் போர்ட் டிக்சனுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. அதன்பின் ஆற்றுவழியின் முக்கியத்துவம் குறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது, மக்கள் வாழ்க்கை தண்டவாளத்தையும் சாலையையும் சார்ந்து அமைந்தது.

அத்தோட்டங்களுக்கு வந்த தமிழர் எத்தகையோர்? 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது. கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது தொடர்ந்து, 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தின் தடையால் நின்றது. தஞ்சை, திருச்சி, சேலம், ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் உழவுத் தொழிலாளர். கட்டுமரம் ஓட்டிய பரதவர் அவர்களுள் மிகச் சிலரே. வந்தவர்கள் கடலைக் கப்பலின் மேல்தளத்திலிருந்து கண்டவர்களேயன்றி, அதில் தொழில் செய்தவர்கள் அல்லர். சுவா பெத்தோங், தானா மேரா போன்ற தோட்டங்களுக்குக் கடல் வெகுதூரமில்லை. ஆயினும் விடியுமுன் பால்வெட்டுக்குச் சென்று, மாலையில் லயத்துக்குத் திரும்பியவர்களுக்கு மீன்பிடிப்பு என்பது ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் விராலுக்கும் கெளுத்திக்கும் தூண்டில் போடுவதாகவே இருந்தது. படகறிவு அவர்களுடன் வரவில்லை. தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, அவர்களின் பேரப்பிள்ளைகள் நகரங்களிற் குடியேறிவிட்ட இக்காலத்தில், படகு கடையிற் கிடைக்கின்றது. அறிவு கடையிற் கிடைப்பதில்லை. ஆபத்து இங்கேதான் இருக்கின்றது.

ஆகவே, புதிதாகத் தொடங்குபவர் முதல் நாளில் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நலம். மிதவைச் சட்டையைப் படகில் வைத்திருந்தாற் போதாது. உடலில் இறுக அணிந்திருக்க வேண்டும். அலையற்ற இடத்தில், மார்பளவு நீரில், படகை வேண்டுமென்றே கவிழ்க்க வேண்டும். பின்பு அதனைப் புரட்டி, எதிர்ப்பக்க விளிம்பைப் பற்றி, கால்களை உதைத்து உடலை நீர்மட்டத்துக்கு உயர்த்தி, வயிற்றால் படகின்மேல் குறுக்கே விழுந்து, அதன்பின் திரும்பி அமர வேண்டும். களைத்த நிலையிலும் இது கைவருமட்டும் ஆழ்நீருக்குப் போகலாகாது. இனுயிட் சிறுவன் கற்ற பாடமும் இதுவே. கட்டுமரத்துக்கும் கயாக்குக்கும் உள்ள ஒரு வேற்றுமையையும் மறத்தலாகாது. கட்டுமரம் கனமரம், கயாக் உட்குழிந்த கூடு. அடைப்பான் கழன்றாலோ மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ நீர் உட்புகுந்து படகு சிறிது சிறிதாக அமிழும். நீரில் இறக்குமுன் இவற்றைச் சோதிப்பது கட்டாயம்.

அடுத்துக் காற்று. போர்ட் டிக்சன் மேற்குக் கரை. விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசுவதுண்டு. கரையோர நீர் அப்பொழுது கண்ணாடிபோல் தோன்றும். ஆனால் காற்று படகை அறியாமலே வெளியே தள்ளிச் சென்றுவிடும். போகும்போது எதிர்காற்றும் திரும்பும்போது பின்காற்றும் இருக்குமாறு வழியை அமைத்துக்கொள்வதே முறை. இதனினும் கொடியது சுமத்திராக் காற்று. ஏறத்தாழ ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியுமுன்னரும் காலை வேளையிலும், சுமத்திராத் தீவின் பக்கமிருந்து கருமேகம் வரிசையாக எழுந்து நீரிணையைக் கடந்து வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும், இடியும் மழையும் சேர்ந்து தாக்கும். தூண்டிற்காரர் விரும்பும் நேரமும் அதுவே. மேற்கு வானம் கறுத்தால் தூண்டிலை மடக்கிக் கரை சேர்வதே அறிவுடைமை.

நங்கூரக் கயிற்றைப் படகின் நடுப்பக்கத்திற் கட்டினால் நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்துக் கவிழ்த்துவிடும். முன்முனையிலோ பின்முனையிலோ கட்ட வேண்டும். கயிற்றை அறுக்கக் கத்தி ஒன்று கைக்கெட்ட வேண்டும். தஞ்சோங் துவான் முனையை ஒட்டிய நீரோட்டம் வலியது; அப்பாலுள்ள நீரிணையோ உலகின் பெருங் கப்பல்வழிகளில் ஒன்று. கடலுக்கு அஞ்சி ஆற்றுக்குப் போகலாம் என்றால், லிங்கி ஆற்றின் கீழ்ப்பகுதியில் முதலைகள் உண்டு. ஆகவே முதற் சில மாதங்கள் கரை தெளிவாகத் தெரியும் தூரத்தில், துணையோடு, திரும்பும் நேரத்தை வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் செல்வதே தக்கது. கொடுவாவும் பாரையும் கரையோரத்திலும் அகப்படும்.

பரதவர் தலைமுறை தலைமுறையாகத் தேடிய அறிவு இது: முதலில் நீர், அடுத்துப் படகு, கடைசியில் மீன். தோட்டப்புறத்தாருக்கு அது பரம்பரையாகக் கிட்டவில்லை. ஆயினும் அது குலத்துக்கு உரியதன்று, பழக்கத்துக்கு உரியது. பொறுமையோடு பயில்பவர் எவருக்கும் அது கைவரும். கூடையில் மீனின்றிக் கரை திரும்பியவர் மறுநாளும் போகலாம்.