துளைநாடா முதல் கன்ட்ரோல் பேனல் வரை: செங்கல்பட்டு வட்டாரத்தில் சி.என்.சி. புரோகிராமர்

கோவளம் என்றால் மீன்பிடிப்பும் அலைச்சறுக்கும்தான் நினைவுக்கு வரும். அங்கிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக ஜி.எஸ்.டி. சாலையை எட்டித் தெற்கே திரும்பினால் மறைமலை நகர்ப் பட்டறைகள். அங்கே உலோகத்தைச் சீவும் மெஷினுக்குக் கட்டளை எழுதுபவர் எப்படி உருவானார் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இத்தொழிலின் தொடக்கம் அமெரிக்காவில். ஹெலிகாப்டர் இறகுகளின் வளைவுக்கு விடை தேடிய ஜான் பார்சன்ஸ், மெஷினை எண்களால் நகர்த்த முனைந்தார். விமானப்படையின் பணத்தில் எம்.ஐ.டி. 1952இல் துளைநாடாவைப் படித்து இயங்கும் மில்லிங் மெஷினைச் செய்துகாட்டியது. அப்போது வேறொரு வழியும் இருந்தது: தேர்ந்த தொழிலாளி ஒருமுறை செய்வதை நாடாவில் பதிந்துகொண்டு, மெஷினே அதைத் திரும்பச் செய்வது. அந்த வழி ஏன் தோற்றது? தொழிலாளியின் கையிலிருந்த அறிவை அலுவலக அறைக்கு மாற்ற நிர்வாகங்கள் விரும்பின என்கிறார் வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள், 1984இல் வெளிவந்த 'ஃபோர்சஸ் ஆஃப் புரொடக்‌ஷன்' நூலில்.

இந்த வாதம் சென்னைப் புறநகருக்கு அப்படியே பொருந்தாது என்பது என் முடிவு. காரணம் காலம். 1958இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையும் பின்னர் வந்த அம்பத்தூரும் கையால் இயக்கும் லேத்தில் வளர்ந்தவை. சி.என்.சி. (கணினிவழி எண் கட்டுப்பாடு) இங்கே பரவலானது 1991க்குப் பிறகுதான். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் சான்ட்ரோவும், மறைமலை நகரில் 1999இல் ஃபோர்டு இகானும் வெளிவரத் தொடங்கின. உதிரிபாகம் கொடுத்த பட்டறைகள், ஆயிரம் பீஸும் ஒரே அளவில் வரவேண்டும் என்ற கட்டாயத்துக்கு உள்ளாயின. அதற்குள் துளைநாடாவின் காலம் முடிந்து, திரையும் விசைகளும் மெஷினிலேயே வந்துவிட்டன. நாலு மெஷின் வைத்திருப்பவர் புரோகிராமருக்கென்று தனியாக ஆள் போடுவாரா? லேத் இயக்கிய டர்னரே மெஷினை வேலைக்குத் தயார் செய்யும் செட்டரானார், செட்டரே கன்ட்ரோல் பேனல் முன்னால் நின்று புரோகிராம் எழுதினார்.

எழுதுவது பாதி வேலைதான். ஜி01 என்றால் நேர்கோட்டில் சீவு, எம்08 என்றால் கூலன்ட்டைத் திற. இதையெல்லாம் சில வாரங்களில் படித்துவிடலாம். ஐ.டி.ஐ. மாணவர்களுக்குத் தமிழிலும் பாடநூல்கள் உண்டு. அவற்றைத் தயாரிக்கும் நிறுவனம் 1986 முதல் கிண்டியில் இயங்குகிறது. மீதிப் பாதி ஆஃப்செட், அதாவது வெட்டும் கருவியின் நிலையைத் திருத்தும் அளவு. 100 மி.மீ. எஃகு 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 12 மைக்ரான் நீளும். வரைபடம் அனுமதிப்பதே 10 மைக்ரான் என்றால், காலையில் சரியாக வந்த ஜாப் மே மாத மதியத்தில் ரிஜெக்ட். வெட்டுமுனையான இன்சர்ட் தேய்வதும் இதோடு சேரும். உலர்வெட்டில் எஃகுச் சுருள் நீலமாகிறதா, வெட்டும் சத்தம் மாறுகிறதா என்று கவனித்து ஆஃப்செட்டில் சில மைக்ரானைக் கூட்டிக் குறைப்பவருக்குக் கைகொடுப்பது பழைய லேத் அனுபவமே.

கேம் (கணினிவழி உற்பத்தி) மென்பொருள் வந்தபின் நிலைமை மாறியது. ஐந்து அச்சு மெஷினில் டை செதுக்கும் வேலைக்குப் புரோகிராமை ஏ.சி. அறையில் கணினி முன் இருப்பவர் உருவாக்குகிறார். அவர் பெரும்பாலும் பொறியியல் பட்டதாரி. நோபிள் சொன்ன பிரிவு இங்கே தாமதமாக, பாதி அளவில் வந்திருக்கிறது. எளிய டர்னிங் வேலையில் இன்னும் வரவில்லை. வரவேண்டிய தேவையும் எனக்குத் தெரியவில்லை.

ஃபோர்டு வெளியேறுவதாக 2021இல் அறிவித்து, அடுத்த ஆண்டு மறைமலை நகரில் உற்பத்தியை நிறுத்தியது. ஆனால் மெஷினுக்கான கட்டளை மொழியான ஜி-கோடு எந்த ஒரு கார் கம்பெனிக்கும் சொந்தமானதல்ல. அதைக் கற்றவர் பம்ப் உறுப்போ வால்வோ செய்யும் பட்டறைக்கும் போகலாம். 2025 அக்டோபரில் அதே மறைமலை நகர் ஆலையில் என்ஜின் தயாரிக்க ஃபோர்டு தமிழ்நாடு அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது.