கேட்டலும் வாசித்தலும்: தென் திருவிதாங்கூரில் அன்றாட வேதத் தியானம்

முன்னுரை

நாள்தோறும் திருமறைப் பகுதியொன்றைப் படித்து அதன் பொருளை உள்ளத்தில் எண்ணிப் பார்த்தல் கிறித்தவத்தின் தொன்மையான வழக்கமாகும். 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் துறவியான இரண்டாம் கீகோ இதனை வாசித்தல், சிந்தித்தல், மன்றாடுதல், இறைவனில் நிலைத்தல் என நான்கு படிகளாக வகுத்தார். சைவ சித்தாந்தமும் ஞானநெறியைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என நான்காகவே கூறும். முன்னது வாசித்தலில் தொடங்குகிறது. பின்னது கேட்டலில் தொடங்குகிறது. திருவனந்தபுரத்தை உள்ளடக்கிய தென் திருவிதாங்கூரில் வேதத் தியானம் கேட்டலில் தொடங்கி வாசித்தலுக்கு நகர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கேட்டல்

மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று, இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சார்ந்த ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்கு வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அங்கு ஒலித்தது தமிழ்த் திருமறையே. தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இலேயே முழுமையாக அச்சேறிவிட்டது; பெஞ்சமின் பெய்லியின் மலையாளப் புதிய ஏற்பாடு 1829இல்தான் கோட்டயத்தில் வெளிவந்தது.

சபையில் சேர்ந்தோருள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். உபதேசியார் வாசிக்க, ஏனையோர் கேட்டு மனனம் செய்தனர். வினாவிடை வாயிலாகப் பொருள் தெளிந்தனர். பின்னாளில் பெண் ஊழியர்கள் வீடுதோறும் சென்று பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டினர். ஆக, ஏட்டின்றியே தியானம் நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது.

வாசித்தல்

சபைகளை ஒட்டி எழுந்த பள்ளிகளும் நாகர்கோவில் மிஷன் அச்சகமும் கேட்போரை வாசிப்போராக்கின. இம்மாற்றத்தின் அருமையை அக்காலச் சமூக நிலையே உணர்த்தும். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும் பொதுச்சாலையில் செல்லும் உரிமைக்காக 1893இல் அய்யன்காளி வெங்கானூரில் வில்லுவண்டியேறிப் போராட வேண்டியிருந்தது. சாலையும் பள்ளியும் மறுக்கப்பட்டோர் கையில் நாள்தோறும் ஒரு நூல் இருந்தது என்பது சமயச் செய்தி மட்டுமன்று. எழுத்துரிமை பற்றிய செய்தியுமாகும்.

வாசித்தவர் அனைவரும் பணிந்து ஏற்றனர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. சபைகளுக்குள்ளும் சாதி வேற்றுமை நீடித்தது. மத்தியத் திருவிதாங்கூரில் அடிமைக் குடியில் தோன்றிய பொய்கையில் யோகன்னான் (1879-1939) கிறித்தவச் சபைகளில் போதகராய் இருந்தவர். தம் முன்னோரின் வரலாறு திருமறையில் எங்குள்ளது என வினவிய அவர், சபைகளை விட்டு விலகித் தனி இயக்கம் கண்டார். சிந்தித்தல் வினாவாகவும் முதிரும் என்பதற்கு இது சான்றாகிறது.

மொழிப் பிரிவு

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தென்னிந்தியத் திருச்சபையின் தென் திருவிதாங்கூர்ப் பேராயமும் 1959இல் கன்னியாகுமரிப் பேராயம், திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென் கேரளப் பேராயம் என இரண்டாயிற்று. ஒரே மிஷன் மரபில் வளர்ந்த வேதத் தியானம், முன்னதில் தமிழிலும் பின்னதில் பெரிதும் மலையாளத்திலும் தொடரலாயிற்று.

முடிவுரை

தமிழ் உரைநடை வரலாறு பெரும்பாலும் நூலாசிரியர்களையும் அச்சகங்களையும் மையமிட்டே எழுதப்பட்டுள்ளது. எழுதப் படிக்கத் தெரியாதோர் நாள்தோறும் செவிவழியாகப் பெற்ற உரைநடைப் பயிற்சியும் அவ்வரலாற்றில் இடம்பெறத்தக்கது. தென் திருவிதாங்கூரின் வேதத் தியானம் அத்தகைய ஆய்வுக்கு உரிய களமாக விளங்குகிறது.