புளோரிடாவின் ஊற்றுக்களும் மனாட்டிகளும்

மன்னார்க் கரையோர மக்கள் ஆவுளியா என வழங்கும் கடற்பசுவுக்கு அத்திலாந்திக்குச் சமுத்திரத்தின் மேற்குக் கரையிலே ஓர் உறவினமுண்டு. மனாட்டி என்பது அதன் பெயர். ஆவுளியா கடலை விட்டகலாது. மனாட்டியோ ஆறுகளினூடே நன்னீர் வரை செல்லும். பருத்த உடலுடையதாயினும் குளிரைத் தடுக்கும் கொழுப்பு அதற்குக் குறைவு. உடலில் வெப்பம் பிறப்பதும் மெதுவாகவே. நீரின் வெப்பம் 20 பாகை செல்சியசுக்குக் கீழே நெடுநாள் நிற்குமாயின் அது நோயுற்று மடியும். ஆதலின், ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே, சுண்ணாம்புப் பாறையினடியிலிருந்து ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 22 பாகை வெப்பத்துடன் பெருகும் ஊற்றுக்கள் குளிர்காலத்தில் அதன் புகலிடமாயின.

புகலிடமே பொறியுமாயிற்று. 1774 இல் சுவானி ஆற்றங்கரை ஊற்றொன்றை அடைந்த தாவரவியலறிஞர் வில்லியம் பார்ட்ரம், முந்திய குளிர்காலத்தில் ஆதிக்குடிகள் கொன்ற மனாட்டியொன்றின் எலும்புக்கூட்டைக் கரையிற் கண்டார். அதன் ஊன் நல்லுணவென்றும், எலும்பு தந்தத்திற்கு நிகரென்றும் 1791 இல் வெளிவந்த தமது பிரயாண நூலிற் குறித்தார். ஆதிக்குடிகள் உணவின்பொருட்டுச் செய்த வேட்டையைக் குடியேறிகளும் தொடர்ந்தனர். வடபசிபிக்கில் 1741 இல் அறியப்பட்ட பெருங் கடற்பசு இனம் இத்தகைய வேட்டையால் 1768 அளவில் அற்றொழிந்தது. மனாட்டிக்கும் அக்கதி நேராதிருக்க, புளோரிடா 1893 இல் அதனைக் காக்கச் சட்டமியற்றியது.

எனினும் வேட்டை குறைய விசைப்படகு பெருகியது. அதன் சுழலிகள் பல மனாட்டிகளைக் கொன்றன. பிழைத்தவற்றின் முதுகில் வடுக்களைப் பொறித்தன. 1967 இல் அவ்விலங்கு அழிவுறும் இனங்களின் தேசியப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. சென் ஜோன்ஸ் ஆற்றோடு கலக்கும் நீலவூற்றை 1972 இல் மாநிலம் விலைக்கு வாங்கிப் பூங்காவாக்கியது. அங்கே ஆய்வாளர் அவ்வடுக்களைக் கொண்டே ஒவ்வொரு மனாட்டியையும் இனங்கண்டு ஆண்டுதோறும் பதிவுசெய்யலாயினர். மனிதன் இழைத்த காயமே மனிதன் காக்கும் கணக்கிற்கு எழுத்தாயிற்று எனலாம். நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை நீராடலும் படகோட்டலும் அங்கே தடுக்கப்பட, காண வருவோர் கரையோர மரநடைபாதையினின்றே நோக்குவர். 1970களின் தொடக்கத்தில் சில பத்துக்களாகவே வந்த மனாட்டிகள், 2024 சனவரியில் ஒரே நாளில் 932 என எண்ணப்பட்டன. ஏற்கெனவே 2017 இல் தேசியப் பட்டியலும் அவற்றின் ஆபத்து நிலையை ஒரு படி குறைத்திருந்தது.

ஆயினும் ஊற்றுக்கு வேலியிட்டாற் போதாது என்பதை 2021 உணர்த்தியது. கிழக்குக் கரைக் களப்பிலே மாசடைந்த நீரிற் பாசி பெருகிக் கடற்புல் அழிந்தது. அவ்வாண்டில் மாநிலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மனாட்டிகள் இறந்தன. அவற்றுட் பல பட்டினியால் மடிந்தவை. நகரங்கள் நிலத்தடி நீரை மிகுதியாக இறைப்பின் ஊற்றின் பெருக்கும் குன்றும். இதனாலேயே நீலவூற்றிற் குறையாது பாயவேண்டிய நீரின் அளவு 2006 இல் விதிக்கப்பட்டது. அன்று எலும்பைக் கண்ட இனத்தவர் இன்று உயிரைக் காண்பது பெரும் மாற்றமே. அம்மாற்றம் நிலைப்பது, கண்ணுக்குப் புலனாகாத நிலத்தடி நீரைக் காப்பதிலேயே தங்கியுள்ளது.